கடலூர்க் கடலில் கிடைத்த கிரேக்க மதுச் சாடி

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனேன். வலையில் ஏறிய ஒரு சாடியை நேரில் பார்க்கத்தான். மூன்று வாரங்களுக்கு முன், இந்த வலைப்பதிவைப் படிக்கும் மீனவர் மணி அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். உடனே போன் செய்து சொன்னேன்: "கிரேக்க மதுச் சாடி. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். கப்பல் மூழ்கின இடம்னா கீழ இன்னும் நிறைய இருக்கும்."

அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

சிதம்பரத்தில் காலை 7.10க்குப் பேருந்து, நாற்பத்தைந்து கிலோமீட்டர். 8.30க்குக் கடலூர். அங்கிருந்து ஆட்டோ, பதினொரு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்.

ஊரையும் மணியின் பெயரையும் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "மணி வூட்டுக்கா சார்? நேத்துதான் காரியம் முடிஞ்சுது."

"யாருக்கு?"

"அவுருக்குத்தான். இன்னும் ஜாடி இருக்குதுன்னு முங்கனாரு. அடியில கெடந்த பழைய வலையில கால் மாட்டிக்கிச்சு. மூணாம் நாள்தான் கெடைச்சாரு."

திரும்பிப் போகச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மணியின் மனைவி கலா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சாடி சுவரில் சாய்ந்திருந்தது. இடுப்பளவு உயரம், இரண்டு கைப்பிடி, கூம்பு அடி. தரையில் நிற்காது, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவதற்கான வடிவம். மது கசியாமல் உட்புறம் பிசின் பூசுவார்கள். கிரேக்கர்கள் அந்த மதுவில் தண்ணீர் கலந்து குடித்தார்கள்.

"கீழ இன்னும் இருக்கும்னு சொன்ன சார் நீங்கதானா?"

"ஆமாம்மா."

அவர் கத்தவில்லை. சாடியைக் காட்டிக் கேட்டார். "இதுக்குள்ள என்னா சார் இருந்துது?"

"திராட்சையில செஞ்ச மது."

"அவுரு குடிக்கவே மாட்டாரு சார்."

மன்னிப்புக் கேட்டேன். "எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். நான் எடுக்கக் கூடாது, அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விளக்கி, கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்தேன். இரண்டு மணிக்கு அவர் எழுதி வாங்கிக்கொண்டு சாடியை எடுத்துப் போனார். அது போகும்போது கலா வெளியே வரவில்லை.

அந்த ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இத்தகைய சாடிகளின் உடைந்த துண்டுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடலில் கிடைத்ததை யாராவது படமெடுத்து அனுப்பினால், அது என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள். இன்னும் எத்தனை இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். நாம் பேச்சுவாக்கில் சொல்வதை நம்பி, ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்.