படகு கிளம்பும் நேரம்

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் நேரக் காப்பாளராக இருந்த அம்மாள், ஓய்வு பெற்ற பதினோராம் நாள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். கடலில் கடுகளவு புள்ளியாய் ஒரு தீவு. சுற்றளவு ஐந்து கிலோமீட்டர், தென்னை மரங்கள், தங்க நாலே அறை, வண்டி வாகனம் கிடையாது.

"ஊரையெல்லாம் அனுப்பி வச்சவ நான். இப்ப நானே போறேன்."

கணவர் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். செவ்வாய் முதல் சனி வரை ஐந்தே நாள் விடுப்பு கிடைத்தது. படகும் செவ்வாய், சனி இரண்டு கிழமைகளில்தான். செவ்வாயன்று தவறவிட்டால் பயணமே போச்சு.

படகுத்துறை அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்த தாளில் புறப்பாடு பத்தரை என்றிருந்தது. அதை வைத்து, காலை ஐந்தே கால் பஸ், எட்டே முக்காலுக்குத் துறை என்று அம்மாள் பட்டியல் எழுதி முடித்தார்.

"பல் தேய்க்க எத்தனை நிமிஷம்னு போடலையே?" என்றார் கணவர்.

"எனக்கு அஞ்சு. உங்களுக்கு எட்டு."

பட்டியலைச் சுவரில் ஒட்டப் போனவர் கை அப்படியே நின்றது. தாளில் என்ன அச்சடித்திருந்தாலும், ஓட்டுநர் வாயால் கேட்காமல் எந்த நேரத்தையும் டிப்போ பலகையில் அவர் எழுதியதில்லை. இந்தப் படகோட்டியை மட்டும் எப்படிக் கேட்காமல் விட்டார்? மூன்று பேரைப் பிடித்து அவர் நம்பரை வாங்கிப் போன் போட்டார்.

"பத்தரையா? யாரு அக்கா சொன்னா?" படகோட்டி சிரித்தார். "தண்ணி ஏறினாத்தான் தீவுக்குள்ள போக முடியும். இல்லன்னா பாறையில இடிச்சுக்கும். நீங்க சொல்ற செவ்வாய் காலைல ஏழுக்கே கிளம்பிடுவேன்."

"ஏழுன்னா ஏழா, ஏழரையா?"

"ஏழேதான்."

கணவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏழு மணிக்கு நாம பாதி வழியிலதான் இருப்போம். பேசாம வீட்லயே பக்கெட் தண்ணியில காலை வச்சு உக்காந்துக்கலாம். அதுவும் தீவுதான்."

"உங்க வாய்க்கு ஒரு இஸ்திரி போடணும். திங்கக்கிழமை எப்ப வேலை விடுவாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சே முக்கால் பஸ். ஒன்பதே காலுக்குத் துறை. ராத்திரி அங்கேயே ஒரு லாட்ஜ்." போனை மறுபடி காதில் வைத்தார். "தம்பி, ரெண்டு இடம் போட்டுடுங்க. சனிக்கிழமை தண்ணி எப்ப ஏறும்?"

"பத்து இருபதுக்கு, அக்கா."

கணவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அம்மாள் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். கணவர் எட்டிப் பார்த்தார்.

"புதன், வியாழன், வெள்ளி மூணும் காலியா இருக்கே?"

"அதுக்குத்தானே போறோம்."