நாக்குக்குப் பூசிய கத்தரிப்பூ நிறம்

சுவரைக் கண்டால் சுலோஜனாவின் கை சும்மா கிடக்காது. பள்ளிக்கூடத்தில் அதிபரைச் சுவரில் பல்லிப் படமாகக் கீறிப் பிரம்படி வாங்கியவள். கலியாணம் முடித்து ஒரு பெண்பிள்ளைக்குத் தாயான பிறகும் அவளுக்குப் புத்தி வரவில்லை. வராமல் போனதும் நல்லதுதான்!

மண்டூர்ப் பக்கத்துத் துறையொன்றில் தோணிகளுக்கு நிறம் பூசுவது அவள் தொழில். அந்தத் துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் தோணிக்குப் பூசிய நிறத்தை இன்னொருவன் பூசக் கூடாது. வாவியில் தூரத்தே புள்ளியாகத் தெரியும்போதே, "அந்தா, நம்மட ஆள் வாறார்" என்று கரையில் நிற்கும் பெண்கள் உலை வைக்கப் போய்விடுவார்கள். ஆளுக்கொரு நிறத்தைக் குழைத்துக் கொடுப்பவள் சுலோஜனா.

துறையை ஒட்டிய கண்டல் மரங்களை வெட்டி, வாவிக்குள் மண்ணைக் கொட்டி, ஹோட்டல் கட்ட வேலி அடித்தார் தேர்தலில் நிற்கும் ஒரு பெரிய மனிதர். நியாயம் கேட்கப் போன சுலோஜனாவின் தம்பிக்கு வேலிக்கட்டையாலேயே முன்பற்களை உடைத்து அனுப்பினார்கள். பாவி மக்கள்! அவன் வாய் நிறைய இரத்தத்தோடு வந்து நின்றதைப் பார்த்தவள் அழவில்லை. தூரிகையை எடுத்தாள்.

பெரியவரின் பெயர் எழுதவென்று மீன் சந்தைச் சுவருக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தார்கள். ஆண்கள் தொழிலுக்குப் போயிருந்த விடியலில் அந்தச் சுவரில் அவரைக் கீறினாள். அழித்தார்கள். மறுபடியும் கீறினாள். மூன்றாவது படத்தில் பெரியவர் வாயைப் பிளந்து வாவியைக் குடிக்க, தோணிகளெல்லாம் தொண்டைக்குள் சரிந்துகொண்டிருந்தன. நாக்குக்குச் சிவப்புப் போதவில்லை. அவசரத்தில் டின்னில் மிஞ்சிக் கிடந்த கத்தரிப்பூ நிறத்தை இழுத்து விட்டாள். அது நல்லரத்தினம் என்ற மீனவரின் தோணிக்குக் குழைத்த நிறம்.

வெளியூர்க்காரன் என்றால் நாக்கை நாக்காக மட்டும் பார்த்திருப்பான். பெரியவரின் அடியாள் திவாகரன் அந்தத் துறையிலேயே வளர்ந்தவன். சுவரைப் பார்த்தான், திரும்பி வாவியைப் பார்த்தான். நல்லரத்தினத்தின் தோணி அப்போதுதான் கரை தட்டியது.

திவாகரனும் கூட வந்தவர்களும் நல்லரத்தினத்தைத் தலைமயிரில் பிடித்து இழுத்து, முகத்தைத் தோணி விளிம்பில் மோதினார்கள். மூக்கு உடைந்தது. மணலில் தள்ளி விலாவில் மிதித்தார்கள். மீன் கூடைகள் உருண்டன, பெண்கள் கூக்குரலிட்டுக் குழறினார்கள், ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"ஆருடா கீறின? சொல்லுடா!"

"எனக்குத் தெரியாது மனே."

தெரியாதா? அந்த நிறத்தைக் குழைத்தவள் யாரென்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! சந்தைத் தூணுக்குப் பின்னால் நின்றவளை அவர் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்று சுலோஜனாவின் நெஞ்சு அடித்தது. சொன்னால் மகளின் கதி? அந்த நேரத்துக்குள் திவாகரன் துடுப்பை ஓங்கினான். அதன் முனை நல்லரத்தினத்தின் வலது கண்ணில் இறங்கியது. மனிதர் போட்ட சத்தம் துறை முழுக்கக் கேட்டது.

"விடுங்கடா! நான்தான்டா கீறினன்!" சுலோஜனா ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

திவாகரன் சிரித்தபடி அவளை விலக்கினான். "போகா அங்கால. பொம்பிளை கீறுற படமா இது?"

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. துடுப்பு மறுபடியும் உயர்ந்தது. சுலோஜனா சந்தையோரத்தில் அணைந்து கிடந்த அடுப்பிலிருந்து கரித்துண்டொன்றைப் பொறுக்கிக்கொண்டு சுவருக்குப் பாய்ந்தாள். பெரியவரின் பல்லிடுக்கில், அவர் பல் குத்தும் ஈர்க்காகத் திவாகரனை நிறுத்தினாள். அதே கோணல் மூக்கு, அதே மீசை. அடி விழும் இடத்தில் சிரிப்பு வருமா? வந்தது. கூட்டத்தில் யாரோ அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவனை வெறியாக்கியது. அவள் வலது கையைச் சுவரோடு அழுத்தி வைத்துத் துடுப்பால் அடித்தான். எலும்பு முறிந்தது. அவள் கீழே விழுந்த பிறகும் அடித்தான். பெண்கள் மண்ணை அள்ளி எறிந்து ஓடிவந்த பிறகுதான் அடியாட்கள் ஓடினார்கள்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, உதடு வீங்கிய முகத்தோடு, ஆஸ்பத்திரியில் நல்லரத்தினத்தைப் பார்க்கப் போனாள் சுலோஜனா. ஊரெல்லாம் அவளைப் புலி என்றும் சிங்கம் என்றும் புகழ்ந்துகொண்டிருந்தது. தலையில் பாதி கட்டுக்குள் இருக்க, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கண்ணகை.

"உன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டுதான் வாயத் தொறக்கல்லயாம்," என்றாள் கண்ணகை. "நீ தூணுக்குப் பின்னால நிண்டியாமே?"

"ஓம்கா. பயந்திட்டன்."

கண்ணகை அந்த மாவுக்கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"கை பொருந்தீரும், சுலோ. கண்?"