பல் தெரிந்த எதிரி

அடுத்தவன் வீட்டையோ வேலையையோ பார்த்துப் பொறாமைப்படுவார்கள். தொண்ணூறுகளில், பேர்ண் நகரில் அகதியாக இருந்தபோது, நான் ஒருத்தனின் எதிரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

என் அறைத்தோழனை ஊரில் பிடித்து அடித்தவன் ஆமிக்காரன். சீருடை, தோளில் நட்சத்திரம், முன்பல்லில் தங்கம். அகதி விசாரணையில் அந்தப் பல்லைச் சொல்லியே இவன் விசா எடுத்துவிட்டான். மனைவி வரப்போகிறாள். அவளுக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டையை ஆணியில் மாட்டித் தடவிக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றி எரியும்.

என்னிடம் இருந்தது ஒரு பத்திரிகைத் துண்டு. ஊரில், கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில், பட்டப்பகலில், என் அண்ணனை 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' சுட்டார்கள் என்று நாலு வரி. என் மனைவியைக் கூப்பிட அந்த நாலு வரிதான் வழி.

முதல் விசாரணையில், ஆர் சுட்டது என்று கேட்டார்கள்.

"முகத்தைத் துணியால மூடியிருந்தினம். தெரியாது."

தெரியும். "அண்ணை, ஒருக்கா வெளியில வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிட்ட குரல், என்னோடு பந்தடித்து, பிறகு இயக்கத்துக்குப் போனவனுடையது. ஆனால் என் பேச்சை ஜெர்மனுக்கு மாற்றியவரும் எங்கட ஆள். அவருக்கு ஊரில் யார் உறவோ. என் மனைவியோ அங்கே தனியே.

உணவகக் குசினியில் கிழங்கு சீவும்போது தோழன் சொன்னான்: "தெரியாதெண்டால் ஆர் மச்சான் விசா தருவான்? ஆமியெண்டு சொல்லு."

"உனக்கென்ன, உன்ர ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தவன்."

இரண்டாம் விசாரணையில் ஆமி என்றேன். வாய் நிற்கவில்லை, தங்கப்பல்லையும் சேர்த்தேன். அதிகாரி பழைய தாள்களைப் புரட்டினார். முகம் மூடியிருந்தவர்களின் பல் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

வெளியே, மொழிபெயர்த்தவர் சிகரெட் பற்றவைத்தார். "அண்ணை, அந்தப் பல்லை நான் போன வருசமும் மொழிபெயர்த்தனான்." புகையை ஊதிவிட்டு, "உண்மையில ஆர்?"

பரிவில்தான் கேட்டிருப்பார்.

"தெரியாது" என்றேன்.

நிராகரிப்புக் கடிதம் வந்த கிழமை தோழனின் மனைவியும் வந்தாள். பக்கத்து அறைக்கு மாறிய அவன், சுவருக்கு அப்பால், தன்னை அடித்தவனை ஊருக்கே கேட்கத் திட்டினான், அவள் சிரித்தாள். அப்படி ஒரு தரம், ஒரேயொரு தரம், உரத்துத் திட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சுட்டது யாரென்று அவளுக்கும் தெரியும். கடிதமோ எத்தனை கை மாறிப் போகும். 'சரிவரேல்லை' என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.