நீல நூலைக் கலைத்தவர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் 'உஷ் மேடம்'.

மூன்றாம் மாடியில் அவளுடைய அறை. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருக்கும். தலைமாட்டில் ஆளுயரத் தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீர் ஒரு புனல் வாய் வழியாகக் குழாய்க்குள் நுழையும் இடத்தில், ஊசி முனையிலிருந்து நீலச் சாயம் கசிந்துகொண்டிருக்கும். தண்ணீர் நிதானமாகப் போனால் சாயம் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக ஓடும். வேகம் கூடக் கூட ஒரு கட்டத்தில் நூல் நெளியும், பிரியும், கடைசியில் குழாய் முழுக்க நீலமாகக் குழம்பிவிடும். கொந்தளிப்பு என்பது இதுதான்.

அது எந்த வேகத்தில் வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தொந்தரவே இல்லையென்றால் நூல் தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் வேகம் ஏற ஏறத் தண்ணீருக்குத் தொட்டாச்சிணுங்கிக் குணம் வந்துவிடும். எவ்வளவு சின்னத் தொந்தரவு அதைக் கலைக்கும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கு முதலில் தொந்தரவே இல்லாத ஓட்டம் ஒன்று கைக்கு வர வேண்டும். அதுதான் வராமல் படுத்தியது.

பக்கத்து அறையில் இதே ஓட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கும் இளைஞன் ஒருவன் இருந்தான். அவளை அக்கா என்பான். "என் கம்ப்யூட்டர்ல நூல் அப்படியே நிக்குதுக்கா. உங்க குழாய்லதான் ஏதோ கோளாறு" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

குழாயின் மூட்டுகளைப் பிரித்து, வழவழப்பாக இழைத்து மறுபடி மாட்டினாள். தண்ணீரில் கரைந்திருந்த காற்றை வெளியேற்றினாள். தொட்டியின் கால்களுக்கு ரப்பர் வைத்தாள். நூல் கலைந்தது. சந்தேகம் கட்டடத்தின் மேல் திரும்பியது. சோதனை நடக்கும் நேரத்தில் லிஃப்டை நிறுத்த இயக்குநரிடம் அனுமதி வாங்கினாள். நடைபாதையில் பேசுகிறவர்களைக் கதவைத் திறந்து "உஷ்" என்று அடக்கினாள். தேநீர் கொண்டுவரும் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

லிஃப்ட் பார்க்கிறவர் ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றார். "மேடம், உங்க தண்ணி நல்லா இருக்கணும்தான். எங்க முட்டியும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே."

"இன்னும் கொஞ்ச நாள்தாங்க. பொறுத்துக்குங்க."

நூல் கலைந்துகொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் அவளுடைய தங்கைக்குப் பிரசவ வலி எடுத்தது. குழாயை இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். பெண் குழந்தை. மறுநாள் மருத்துவமனையில் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது போன் வந்தது.

"அக்கா, நூல் நிக்குது. காலையிலேர்ந்து அசையவே இல்ல. வேகத்த இன்னும் ஏத்தினேன், அப்பவும் நிக்குது."

அவளுக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் பொறாமை. "லிஃப்ட நிறுத்தினியா?"

"மறந்துட்டேன்க்கா. ஓடிட்டுத்தான் இருக்கு."

திரும்பி வந்த அன்றே சோதனையைப் போட்டாள். கால் மணிக்குள் நூல் பிசிறிப் போனது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான்தான் கண்ணு வைக்கிறேன் போல" என்றாள். சிரிப்பாகச் சொல்லப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

இளைஞன் அவளை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் கதவிடுக்கில் காதையும் கண்ணையும் வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நூல் நல்லாப் போக ஆரம்பிச்சதும் நீங்க பாடுறீங்கக்கா."

"நானா? நான் பாடவே மாட்டேன்."

"பாட்டுன்னா பாட்டு இல்ல. வாய மூடிக்கிட்டு, ம்ம்ம்னு. தொட்டிக்குப் பக்கத்துல குனிஞ்சுக்கிட்டு."

அவள் நம்பவில்லை. அவன் எதிரிலேயே கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏங்க, நான் வேலை செய்யறப்ப முணுமுணுக்கிறேனா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து. பக்கத்து வீட்டுக்காரர் உன் ராகத்தக் கத்துக்கிட்டு இப்ப ஷேவ் பண்றப்ப அவரும் பாடறார். ஏன் கேக்கற?"

இளைஞன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் முதலில் முறைத்தாள். அப்புறம் தானும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். ஊரையெல்லாம் வாய்பொத்த வைத்துவிட்டு, தொட்டிக்கு அருகிலேயே கச்சேரி நடத்தியிருக்கிறாள்.

அன்று மாலையே நடைபாதை முழுக்க நடந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். லிஃப்ட் பார்க்கிறவர் "பரவால்ல மேடம், எனக்கு அஞ்சு கிலோ எறங்கிடுச்சு" என்றார்.

ஆனால் குற்றவாளி பிடிபட்டதோடு அவள் விடவில்லை. தொட்டிச் சுவரில் சின்ன ஒலிபெருக்கி ஒன்றை ஒட்டினார்கள். ஒரே அளவு சத்தம், ஆனால் சுருதியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தாழ்ந்த சுருதிக்கு நூல் அசரவில்லை. உச்சத்துக்கும் அசரவில்லை. நடுவில் ஒரு சின்ன இடம். அங்கே தொட்டதும் சிதறியது. தொட்டித் தகடு அந்தச் சுருதிக்கு அதிர்கிறதோ என்று தகட்டை எடுத்துவிட்டுக் கனத்த கல்பலகை வைத்தார்கள். அப்படியும் அதே இடத்தில்தான் கலைந்தது. ஆக, விஷயம் தண்ணீரிடம்தான் இருந்தது. இளைஞன் கணினியிலும் அதே சுருதியைக் கொடுத்தான். பல வாரமாக அசையாமல் நின்ற அவனுடைய நூலும் குலைந்தது. "இப்ப உன் கம்ப்யூட்டர்லயும் கோளாறு வந்துடுச்சா தம்பி?" என்று கேட்கும் சந்தர்ப்பத்தை அவள் நழுவவிடவில்லை.

கட்டுரை எழுதும்போது, ஒலி முதலில் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. "அறையிலிருந்த ஓர் ஒலி மூலம்" என்று அவள் எழுதினாள். இளைஞன் அதை அடித்துவிட்டு, "முதல் ஆசிரியரின் முணுமுணுப்பு" என்று மாற்றினான். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அப்படியே அனுப்பிவிட்டாள்.

கட்டுரை வெளிவந்த பிறகு மூன்றாம் மாடிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. தன் குரலுக்கு நூல் கலைகிறதா என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. இயக்குநர் முயன்று தோற்றார். தேநீர் அம்மா மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தொட்டி அருகே குனிந்து, மேடத்தின் அதே சுருதியில் ஒரே ஒரு "ம்ம்" சொன்னார். குழாய் முழுக்க நீலம்.