ஹெலன் அம்மாவின் சமையலறையில் பழ ஈக்கள்

இந்த அமெரிக்க ஊரில் அழுகிய வாழைப்பழத்தைக் கேட்டு வாங்குகிறவன் நான் ஒருவன்தான். நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே பழக்கடை வைத்திருப்பவர் ஹெலன் அம்மா. நல்ல பழம் வாங்க வழியில்லாதவன் என்று நினைத்து, ஒருநாள் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் சூப்பை நீட்டினார். பழம் எனக்கில்லை, பல்கலைக்கழகத்தில் நான் வளர்க்கும் ஈக்களுக்கு என்றேன். என் ஆங்கிலம்தான் தப்பு என்று முடிவு செய்தாரோ என்னவோ, சூப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

என் ஊர் வல்லத்திராக்கோட்டையில் பலாப்பழத்தை அறுத்தால் போதும், பழ ஈ தானாக வந்து மொய்க்கும். புதுக்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு மரபியல் ஆய்வுக்கு இங்கே இடம் கிடைத்தபோது, "ஈயப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற? இங்கிட்டு இல்லாத ஈயா?" என்று ஆத்தா கேட்டாள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை பிறந்துவிடும், தாத்தாவின் கண் நிறம் பேரனுக்கு வருவதை ஒரே மாதத்தில் பார்க்கலாம் என்றேன். "சரி, நேரத்துக்குச் சாப்புடு" என்றாள்.

மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆய்வகத்தைச் சூடேற்றும் கொதிகலன் நின்றுபோனது. பழுதுபார்க்கிறவரால் பனியில் வர முடியவில்லை. குப்பிகளின் அடியில் ஈக்கள் அசையாமல் கிடந்தன. மூன்று வருடம் ஜோடி சேர்த்துச் சேர்த்துத் தேர்ந்தெடுத்த வம்சம். அது செத்தால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். குப்பிகளைக் கம்பளிக் கோட்டில் சுற்றிக்கொண்டு ஹெலன் அம்மாவின் வாசலில் போய் நின்றேன். ஈக்கள் சாகின்றன என்றேன். செத்தால் நல்லதுதானே என்றார். கோட்டைப் பிரித்துக் குப்பிகளைக் காட்டி, மூன்று வருட உழைப்பு என்றேன். அவர் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் பொங்க வைத்திருந்த ரொட்டி மாவை எடுத்துவிட்டு குப்பிகளுக்கு இடம் விட்டார். இரண்டு நாள் அவர் வீட்டில் ரொட்டி சுடவில்லை. மூன்றாம் நாள் காலை மாடிப்படியில் அவர் குரல் கேட்டது.

"உங்கள் பிள்ளைகள் நடக்கிறார்கள். வந்து பாருங்கள்."

எனக்குப் பட்டமும் இங்கேயே கற்பிக்கும் வேலையும் கிடைத்தன. தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். அந்த வம்சத்தில் சில ஜோடிகளைப் பஞ்சடைத்த குழாய்களில் போட்டு, விமானத் தபாலில் புதுக்கோட்டைக்கு அனுப்பினேன். கல்லூரியில் இப்போது என் இடத்தில் பாடம் நடத்தும் மாணிக்கம் பதில் எழுதியிருக்கிறார். பாதி ஈக்கள் வழியிலேயே செத்துவிட்டன, மிச்சம் இருந்தவை முட்டையிட்டுவிட்டன. சித்திரை வெயில் தாங்காது என்று, குப்பிகளை ஈர மணலில் புதைத்து வைத்திருக்கிறாராம். இங்கே இன்னும் பனி விடவில்லை. என் குப்பிகளைக் கணப்புக்கு அருகே நகர்த்தி வைத்தேன். எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.