அண்ணன் பெயரை ஆப்பில் ஏற்றிய கதை

இன்று காலை, அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் நேரத்தில்...

நான் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தேன்!

(ஸ்கூலில் டிராயிங்கில் ஜஸ்ட் பாஸ் ஆனவள் நான். இது டைப் அடிக்கும் மரம் என்பதால் தப்பித்தேன்.)

பெருங்குடி ஆபீஸில் பக்கத்து சீட் தோழி காட்டிய ஆப் அது. தாத்தா, அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று பெயர்களை ஏற்ற வேண்டும். உலகத்தில் வேறு யாராவது அதே பெயர்களைப் போட்டிருந்தால், "இவர் உங்கள் உறவினரா?" என்று கேட்குமாம்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் எனக்கு இத்தனை பாடு.

என் அண்ணன் தேசப்பன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன். கடல் தொழிலை விட்டுவிட்டுப் போகிறான் என்று அப்பாவுக்கு ஆத்திரம். "போனா அப்டியே போ, இந்த வூட்டுப் பக்கம் வராத!" என்று பட்டினப்பாக்கமே கேட்கக் கத்திவிட்டார். அவனும் ரோஷக்காரன். கொஞ்ச நாள் அம்மாவிடம் மட்டும் ஃபோனில் பேசினான். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

நடுவில் அப்பா இறந்துவிட்டார். அது அண்ணனுக்குத் தெரியுமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம். பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளை ஸ்கூல் பிராஜெக்ட்டுக்காக என்றைக்காவது இதே போல ஒரு மரம் போடலாம். (எல்லா ஊரிலும் ஸ்கூல்காரர்கள் பெற்றோருக்குத்தானே ஹோம்வொர்க் கொடுக்கிறார்கள்!)

ஆனால் அது தன் அப்பா பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதும்?

மார்க் ஷீட்டில் டெல்லிக்குப் போடும் எழுத்தில் தொடங்குகிறான். ரேஷன் கார்டில் தஞ்சாவூருக்குப் போடும் எழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரு 'பி'யைக் காணோம். (டிராவல்ஸ்காரர் விழுங்கிவிட்டார்.)

நல்லவேளை, வேறு எழுத்து வடிவங்களைச் சேர்க்க ஆப்பில் தனி இடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டேன். கொட்டிவாக்கத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ஃபோன் அடித்தேன். அவர் தன் மகள் கல்யாண ஃப்ளெக்ஸ் போட்டோவை அனுப்பினார். அதில் அண்ணன் பெயரில் 'எஸ்' இரண்டு!

"இதையும் போடணுமா சித்தப்பா? தப்பா அடிச்சிக்கீறாங்க."

"எல்லாத்தையும் போட்டு வை பாப்பா. அவன் எந்த ரூட்ல வந்து சேருவான்னு யார் கண்டா?"

அதையும் போட்டேன்.

அடுத்து 'வீட்டில் அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம்.

"யம்மா, அண்ணனை நீ இன்னான்னு கூப்புடுவ?"

"தெரியாத மாதிரி கேக்குது பாரு. நைனான்னுதான்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேசப்பன் என்பது அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அண்ணனுக்கு அதையே வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே, பெற்ற பிள்ளையை அம்மா ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை!

ஸ்கூலில் டீச்சர் பையன் பெயரைக் கேட்டால்கூட, "தோ, இது சொல்லும்" என்று என்னை முன்னால் தள்ளிவிடுவாள். சுதந்திர தினத்துக்கு 'தேசியக் கொடி' என்றுகூடச் சொல்ல மாட்டாள். வெறும் 'கொடி'தான். (கடைக்காரர் துணி காயப்போடும் கொடியை எடுத்து நீட்டுவார்.)

கடைசியாக ஆப்பில் ஒரு மைக் படம். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவர் சொல்லிப் பதிய வேண்டுமாம். நான் தொண்டையைச் செருமினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இதுல பேசுனா அவனுக்குக் கேக்குமா?"

"தெரியலம்மா. அவன் கண்ல பட்டா கேக்கும்."

"அப்ப குடு. நான் சொல்றேன்."

"யம்மா... உன் மாமனார் பேரு."

"இருக்கட்டும். பேரனைத் தேடுறதுக்குன்னா அவரு ஒண்ணியும் கோச்சிக்க மாட்டாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரையில் நின்று கட்டுமரத்தைக் கூப்பிடுவதைப் போல ஒரே கத்து!

"டேய் தேசப்பா! உங்கப்பா பூட்டாருடா. இனிமே உன்ன யாரும் திட்ட மாட்டாங்கடா. வூட்டுக்கு வாடா!"

இத்தனை வருஷம் அவள் வாயில் இருந்தும் வெளியே வராத பெயர். அதை முதல் முறையாகச் சொல்லும்போது கேட்க வேண்டியவன் மட்டும் இல்லை. அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. ஃபோனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"பதில் எப்ப வரும்?"

"நாளாகும்மா."

"சரி. நீ ஃபோனை ஆஃப் பண்ணாத."

அது பெயரை மட்டும் பதிய வேண்டிய இடம். நான் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அப்படியே சேமித்துவிட்டேன்.

ஆப்பில் இதுவரை யாரும் பொருந்தவில்லை. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, உங்கள் பக்கம் பட்டினப்பாக்கத்துத் தேசப்பன் என்று யாராவது இருந்தால், எந்த ஸ்பெல்லிங்கில் இருந்தாலும் சரி, ஒரே ஒரு தகவல் சொல்ல முடியுமா?

அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க என்று சொல்லுங்கள்.

அவனுக்குப் புரியும்.