நாற்பது கன்றுகளைத் தேடி எண்ணூருக்கு

காலை ஐந்தரைக்குக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் நின்றிருந்தோம், நானும் என் அக்கா மகள் யசோதராவும். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். காட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதற்கு டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எண்ணூர்ல காடா? பொகக்கூண்டு காடு தான நைனா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பதை நெருங்கிவிட்டேன், அந்தத் தடத்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடக்கும்போது கீழே தெரியும் பச்சையை வெறும் புதர் என்று நினைத்துக் கண்ணைத் திருப்பியிருக்கிறேன். அது அலையாத்தி. உப்புத் தண்ணீரில் கால் ஊன்றி, வேர்களைச் சேற்றுக்கு மேலே விரல்களாக நீட்டி மூச்சு வாங்கும் மரங்கள். என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு காடு இருந்திருக்கிறது. நான் மலைமலையாகத் தேடி அலைந்தேன்.

யசோ வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவம். போன வருடம் அந்தக் காட்டின் விளிம்பில் நாற்பது கன்றுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் எண் போட்ட சிறு அலுமினியத் தகட்டைக் கம்பியில் கட்டிவிட்டு வந்தாள். இடம் தெரிய நான்கு மூலைகளிலும் மூங்கில் கம்பு, கம்பின் உச்சியில் சிவப்புத் துணி. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் எத்தனை கன்று பிழைக்கிறது என்பதுதான் ஆய்வு. மூன்று முறை அளக்க வேண்டும். இரண்டு முடிந்துவிட்டது; இது கடைசி. அடுத்த வாரம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். அமாவாசையை ஒட்டித்தான் அங்கே தண்ணீர் அந்த அளவுக்கு வற்றும். கூட வரும் தோழிக்குக் காய்ச்சல். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் உட்கார மாட்டாத ஆள் யார் என்று குடும்பத்துக்கே தெரியும்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காற்றின் வாசனை மாறியது: எண்ணெய், கருவாடு, பிறகு பெயர் சொல்ல முடியாத ஒரு கசப்பு. யசோ மடியில் பையை அணைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள்.

"இன்னாடி, பரீட்சைக்குப் போற மாதிரி கீற?"

"இதான் மாமா பரீட்சை."

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்துக் கரைக்குப் போனோம். படகுக்காரர் கன்னியப்பன் காத்திருந்தார். முன்பு இரண்டு முறையும் யசோவைக் கூட்டிப்போனவர்; ஐம்பத்தைந்து வயதிருக்கும்; தலையில் ஈரத் துண்டு. ஃபைபர் படகு, போக வர ஆயிரத்து இருநூறு. கரையை விட்டு வெகுதூரம் வந்தபிறகுதான் மோட்டாரை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார்.

"சொல்லாம இருந்தா தப்பு. இன்னிக்கு அந்தப் பக்கம் எங்க பாடு இல்ல."

ஆற்றில் எந்த நீட்டில் எந்தக் குப்பம் என்றைக்கு வலை போடலாம் என்று ஊர்கள் கூடி முறை பிரித்து வைத்திருக்கின்றன. அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்தவர்களுக்கு அன்றைக்கு அந்தத் தண்ணீர் சொந்தம். வெளியாள் அங்கே மோட்டார் போடக் கூடாது, கம்பு ஊன்றக் கூடாது. மீறினால் அடுத்து வரும் தன் முறையை இழக்க வேண்டும். இழப்பது கன்னியப்பன்.

"நாளைக்கு வரலாமாண்ணா?" என்றாள் யசோ.

"நாளைக்கும் அவுங்க பாடு தான். அதுக்கப்பறம் தண்ணி இந்த அளவுக்கு வத்தாது." அவர் தள்ளுகம்பை எடுத்தார். "சத்தம் போடாம போயிட்டு வந்துடலாம். குந்து."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தண்ணீர் பளபளப்பில்லாத சாம்பல் நிறம். ஒரு பக்கம் புகைக்கூண்டுகள், தலைக்கு மேல் மின்கம்பிகளின் இடைவிடாத ரீங்காரம், தொலைவில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் பனியில் கழுத்தை நீட்டி நின்றன. இன்னொரு பக்கம் காடு. காடு என்றால் என் நினைவில் உயரம், இது தாழ்வு. இரண்டு ஆள் உயர மரங்கள், எண்ணெய் தேய்த்ததுபோல் இலைகள், இலையின் அடியில் உப்புப் பூத்த வெள்ளை. ஒரு கொக்கு எங்களைப் பார்த்தது; பறக்கவில்லை. தள்ளுகம்பு சேற்றிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் எழுந்த ஓசை எனக்கு ஊருக்கே கேட்பதுபோல் இருந்தது.

ஏழரை மணிக்கு வளைவைத் திரும்பினோம். யசோ எழுந்து நின்றாள். படகு ஆடியது.

"கம்பு எங்கண்ணா?"

நான்கு மூலைகளும் இல்லை. சேறு துடைத்துப் போட்டதுபோல் கிடந்தது. எல்லாப் பக்கமும் ஒரே சேறு, ஒரே கன்றுகள், ஒரே மூச்சுவேர்கள். போனில் இருந்த இடக்குறி எங்கள் படகின் நீளத்துக்கு மேலேயே அங்கும் இங்கும் நகர்ந்தது. முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கி அவள் குனிந்து தண்டு தண்டாகப் பார்த்தாள். நானும் இறங்கினேன். சேறு காலைப் பிடித்த பிடியில் ஒரு வன்மம் இருந்தது. தகடு எதுவும் கண்ணில் படவில்லை. புதுச் சாம்பல் படிவு அடித்தண்டுகளை மூடியிருந்தது.

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. இரண்டு படகுகள், ஆறேழு ஆட்கள். கன்னியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். முன்படகில் நின்றவர் எங்களைப் பார்க்கவேயில்லை, கன்னியப்பனைப் பார்த்தார்.

"இன்னா கன்னியப்பா, எங்க பாட்டுல உனுக்கு இன்னா வேல?"

"படிக்கிற பொண்ணு, தேசிங்கு. செடி அளக்க வந்துகீது."

"அளக்கவா?" தேசிங்கின் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "செவப்புத் துணி கட்டி கம்பு நட்டது நீ தானா?"

"ஆமாண்ணா," என்றாள் யசோ.

பின்படகிலிருந்து ஒருவன் கத்தினான். "நான் தான் புடுங்குனேன். கரைக்குப் போய்ப் பாரு, என் பொண்டாட்டி துணி காயப் போட்டுகினுகீறா அதுல!"

யாரோ சிரித்தார்கள். தேசிங்கு சிரிக்கவில்லை.

"மொதோ வந்தவனும் இப்புடித்தான். செவப்புத் துணி, டேப்பு, தொப்பி. இன்னா சார்னு கேட்டதுக்கு சும்மா அளக்குறோம்னான். அப்பறம் லாரி வந்துச்சு, மண்ணு வந்துச்சு. நாங்க வலை போட்ட எடத்துல இன்னிக்கி காம்பவுண்டு சொவுரு. எந்தக் கம்பெனி நீ?"

யசோ கல்லூரி அடையாள அட்டையை நீட்டினாள்.

"கார்டு எவன்கிட்ட இல்ல? படம் புடிச்ச போனக் குடு."

"போனு தர மாட்டேன்." அவள் குரல் நடுங்கியது, பிறகு நடுக்கம் கோபமானது. கல்லூரித் தமிழ் கழன்று விழுந்தது. "எங்க வூடு வியாசர்பாடிண்ணா. மழை பேஞ்சா முட்டி வரிக்கும் கலீஜ் தண்ணில நின்னுகினு படிச்சவ நானு. கம்பெனிக்காரி இப்புடி சேத்துல நிப்பாளா? நாப்பது கன்னுக்குத் தகடு கட்டிகீறேன். எது உசுரோட கீது, எது செத்துச்சின்னு பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

தண்ணீர் திரும்பியிருந்தது. மூச்சுவேர்களின் நடுவே மெல்லிய கோடாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம்.

"செத்ததும் எழுதுவியா?" என்றார் தேசிங்கு.

"எழுதுவேன்."

"சாம்பலாலன்னு?"

"சாம்பல் எவ்ளோ ஏறிகீதுன்னு ஒவ்வொரு கன்னுகிட்டயும் அளக்குறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக் காட்டுவேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒண்ணு சொல்றேன் பாப்பா. தகடு கெடைக்கலல்ல? நாப்பதும் செத்துப்போச்சின்னு எழுதிடு. உனுக்கும் வேல முடிஞ்சிது, எங்குளுக்கும் ஒரு பேப்பர் ஆச்சு. கன்னியப்பனையும் வுட்டுடறேன்."

கன்னியப்பன் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. எட்டு மணி வெயில், ஏறுகிற தண்ணீர், ஏழு ஆண்கள். தலையாட்டு யசோ, கரைக்குப் போய்விடலாம் என்று உள்ளே ஒரு குரல்.

"முடியாதுண்ணா."

"ஏன்?"

"காணோம்றதும் செத்துச்சின்றதும் ஒண்ணு இல்ல. நாளைக்கு எவனாவது வந்து தோண்டி உசுரோட ஒண்ணே ஒண்ண எடுத்துக் காட்டுனா, நான் எழுதுன மீதி எல்லாம் பொய்யின்னுடுவான். அப்பறம் உங்க பேச்சையும் எவனும் கேக்க மாட்டான்."

பின்படகுக்காரன் ஏதோ வைதான். தேசிங்கு கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். சேற்றைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், கடைசியாக அவள் முழங்காலைத் தொட்ட தண்ணீரைப் பார்த்தார்.

"தேடு," என்றார். "தண்ணி இடுப்புக்கு வர்ற வரிக்கும். கம்பு நடக் கூடாது, போட்டோ கூடாது. நாங்க இங்கியே நிக்கிறோம்."

இப்படி ஒரு காவலோடு நான் எங்கும் வேலை செய்ததில்லை. கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டோம். கையைச் சேற்றுக்குள் விட்டு, தண்டின் வழியே கீழே, கீழே, கம்பி விரலில் இடறும்வரை. முதல் தகடு எனக்குத்தான் கிடைத்தது. பதினேழாம் எண். உச்சியில் இரண்டு புது இலை. நான் கத்திய கத்தலில் கொக்கு பறந்தது. ஒன்று கிடைத்ததும் மற்றவை எந்தத் திசையில் என்று யசோ தன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். அடுத்தது செத்த தண்டு. அடுத்ததும் செத்தது. பிறகு உயிரோடு ஒன்று. அவள் உயரம் சொல்ல, சாம்பல் ஆழம் சொல்ல, நான் நாடாவைப் பிடித்தேன். ஒவ்வொரு தகட்டுக்கும் படகுகளிலிருந்து "உசுரா? சாவா?" என்று குரல் வந்தது. உயிர் என்றால் ஒரு முனகல். சாவு என்றாலும் அதே முனகல்தான். எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை போலும்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பாதிக்கும் குறைவாகவே கிடைத்திருந்தது. யசோ நிமிர்ந்தாள். முகத்தில் சேறு; சேற்றில் இரண்டு கோடு. நோட்டில் மீதிக் கன்றுகளின் எதிரே அவள் எழுதியது ஒரே சொல்: கிடைக்கவில்லை.

"காட்டு," என்றார் தேசிங்கு. எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் படகிலிருந்து வலைக்கம்பு ஒன்றை உருவி, கடைசித் தகடு கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். கம்பின் தலையில் அவர்கள் ஊர் வலைக்கயிறு சுற்றியிருந்தது.

"இத எவனும் புடுங்க மாட்டான். எங்க பாட்டுல எங்க கம்பு. நாளைக்கு வந்து மீதிய தேடு. எனுக்கும் தெரியணும், செத்துதா இல்லியான்னு." திரும்பிக் கன்னியப்பனிடம், "நீயே கூட்டியா. இன்னொரு தபா திருட்டுத்தனமா வந்த, பேஜாராயிடும்," என்றார். படகுகள் போய்விட்டன.

பத்தரை மணி ரயிலில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நாற்றம். கத்திவாக்கம் தாண்டும்போது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளில் ஒரு நாள் யாரோ வந்து சுவருக்குச் சுவர் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அன்று மாலையே தெரு முழுக்கச் செங்கல் துண்டால் சுரண்டினோம். நானும் சுரண்டினேன், விரல் எரிய. எண்ணூர் ஆற்றில் நான் பிறந்திருந்தால் அந்த நான்கு கம்புகளையும் பிடுங்கியது நானாகத்தான் இருப்பேன். அதில் என் வீட்டு லுங்கி காய்ந்திருக்கும்.

வியாசர்பாடியில் அக்கா கதவைத் திறந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யசோ வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, பழைய பொடவ எதுனா கீதா? கிழிச்சி மீதி மூணு மூல கம்புல கட்டணும். அந்த அண்ணன் கிட்ட கேட்டுட்டு நட்டுக்கறேன்."

"இன்னா கலரு வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரி," என்றாள் யசோ. "செவப்பு மட்டும் வேணாம்."